நெதர்லாந்து யூதக் குடும்பங்களுக்கு என்னதான் நடந்துச்சு? அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஆன் ஃபிராங்க் (நாஜிங்களுக்கு பயந்து ஆம்ஸ்டர்டாம்ல ஒளிஞ்சிருந்த யூதச் சிறுமி) டைரிய படிச்சவங்க, ஆம்ஸ்டர்டாம் டூர் போயிட்டு வந்தவங்க இவங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள ஒரே இடத்துல போட்டு வச்சிருக்கேன். ஹிட்லர், ஆஷ்விட்ஸ், 60 லட்சம் பேர், இதெல்லாம் நம்ம எல்லாருக்கும் ஓரளவு தெரியும். ஆனா ஒரு ஊர்ல ஒரு தெருவுல இருந்த குடும்பத்த எப்படி வீட்ட விட்டு கிளப்பினாங்க, யார் அட்ரஸ் குடுத்தா, வண்டி யாரு ஓட்டினா, பில் யாருக்கு போச்சுன்னு கேட்டா முழிக்கிறோம். அதனால மத்த நாடுகள விட்டுட்டு நெதர்லாந்த மட்டும் எடுத்துக்குறேன்.

மொத்தம் எத்தனை பேர் செத்தாங்க?

1940 மே மாசம் ஜெர்மன் படை உள்ள வந்தப்போ அங்க சுமார் 1,40,000 யூதர்கள் இருந்தாங்க, அதுல 80,000 பேர் கிட்ட ஆம்ஸ்டர்டாம்லயே. அந்த ஊர்ல பத்துல ஒருத்தர் யூதர்னு வச்சுக்கங்க. நாடு கடத்தப்பட்டவங்க ஏறத்தாழ 1,07,000. அதுல உயிரோட திரும்பினது 5,000 பேர் அளவுக்குதான், மிச்சம் 1,02,000 பேர் போயிட்டாங்க. அதாவது நாலுல மூணு பேர். மேற்கு ஐரோப்பாவுல இவ்வளவு மோசமான விகிதம் வேற எங்கயும் கிடையாது. பக்கத்துல இருக்கிற பெல்ஜியத்துல 40 சதவீதம், பிரான்ஸ்ல 25 சதவீதம். யூதர்களுக்கு பாதுகாப்பான நாடுன்னு பேர் எடுத்த ஊர்ல ஏன் இப்படி ஆச்சுங்கிறதுதான் இந்த மொத்த விஷயத்துலயும் பெரிய கேள்வி, அதுக்கு கீழ வரேன்.

உள்ள வந்த உடனே பிடிக்க ஆரம்பிச்சுட்டாங்களா?

இல்ல, அதுதான் விஷயமே. முதல் சில மாசம் பெருசா எதுவுமே நடக்கல, நம்மள விட்டுட்டாங்கனு நிறைய பேர் நினைச்சாங்க. 1940 அக்டோபர்ல அரசு ஊழியர் எல்லாருக்கும் ஒரு ஃபார்ம் வந்துச்சு, நீ யூதரா இல்லையான்னு எழுதி கையெழுத்து போடணும். கிட்டத்தட்ட எல்லாரும் போட்டாங்க, சுப்ரீம் கோர்ட் நீதிபதிங்க உட்பட. அடுத்த மாசமே யூத ஊழியர்கள வேலைய விட்டு தூக்கினாங்க, அதே சுப்ரீம் கோர்ட்டோட தலைவர் லோடெவைக் விஸ்ஸரும் யூதர், அவரும் போனாரு, கூட இருந்த நீதிபதிங்க வாயே திறக்கல. 1941 ஜனவரில எல்லா யூதரும் பேர் பதிவு பண்ணணும்னு உத்தரவு. செப்டம்பர்ல பிள்ளைங்களுக்கு தனி ஸ்கூல். பார்க், சினிமா, நீச்சல்குளம் எல்லாத்துலயும் போர்டு. பணத்த எல்லாம் ஒரு குறிப்பிட்ட பேங்க்ல கொண்டு போய் போடணும், லிப்மன் ரோசந்தால்னு ஒரு பழைய யூத பேங்கோட பேரையே எடுத்துக்கிட்டு நாஜிங்க நடத்தின டுபாக்கூர் பேங்க் அது, போட்ட காசு திரும்பி வரவே வராது. 1942 ஜூன் கடைசில சைக்கிளையும் வாங்கிக்கிட்டாங்க, டிராம் ஏறக் கூடாது, ராத்திரி எட்டு மணிக்கு மேல வெளிய வரக் கூடாது, கடைக்கு மத்தியானம் மூணுலருந்து அஞ்சு வரைக்கும்தான். அதுக்கு ரெண்டு வாரத்துல ஆஷ்விட்ஸுக்கு ரயில் கிளம்ப ஆரம்பிச்சுடுச்சு. ஒவ்வொண்ணையும் தனியா எடுத்து பாத்தா, சரி இத பொறுத்துக்கலாம்னு தோணும்.

மஞ்சள் நட்சத்திரம் இலவசமா குடுத்தாங்களா?

காசு வாங்கினாங்க. 1942 மே 3லருந்து ஆறு வயசுக்கு மேல எல்லாரும் சட்டைல தச்சுக்கணும். ஆளுக்கு நாலு நட்சத்திரம், ஒண்ணு 4 சென்ட், அது போக துணி ரேஷன் கூப்பன் ஒண்ணு வேற. தன்னை அடையாளம் காட்டுற துணிய தன் ரேஷன்லயே வாங்கி தன் கையாலயே தச்சுக்கணும்.

டச்சு மக்கள் சும்மா பாத்துட்டா இருந்தாங்க?

ரெண்டும் நடந்துச்சு. லைடன் யூனிவர்சிட்டில யூத பேராசிரியர் மெயர்ஸ வேலைய விட்டு எடுத்தப்போ அவரோட பழைய மாணவர், அதே சட்டத்துறை டீன் கிளெவரிங்கா, 1940 நவம்பர் 26 அன்னைக்கு வெளிப்படையா எதிர்த்து பேசினாரு, அடுத்த நாளே உள்ள போனாரு. இன்னொண்ணு ரொம்ப பெருசு. 1941 பிப்ரவரி 22, 23 தேதில ஆம்ஸ்டர்டாம் யூதர் பகுதில புகுந்து 400 இளைஞர்களுக்கு மேல தெருவுலயே அடிச்சு இழுத்துட்டு போனாங்க. அதுல ஏறத்தாழ 390 பேர புக்கன்வால்டு முகாமுக்கு அனுப்பி, அங்கருந்து பெரும்பாலானவங்கள மவுத்ஹவுசன் முகாம் கல் குவாரிக்கு மாத்தினாங்க, போர் முடிஞ்சப்போ உயிரோட இருந்தது ரெண்டே பேர். இத பாத்துட்டு 25ஆம் தேதி கம்யூனிஸ்ட் கட்சிக்காரங்க கூப்பிட டிராம்காரங்க, துறைமுகத் தொழிலாளிங்க, கப்பல் பட்டறைக்காரங்க எல்லாரும் வேலைய நிறுத்திட்டாங்க, ஊரே நின்னு போச்சு. யூதர்களுக்காக யூதர் அல்லாதவங்க இவ்வளவு பெரிய அளவுல வேலைநிறுத்தம் பண்ணது அந்த காலத்துல வேற எங்கயும் நடக்கல. ரெண்டே நாள்ல சுட்டு அடக்கிட்டாங்க. அதுக்கப்புறம் அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல. இதுல மனச உறுத்துற விஷயம், அன்னைக்கு வண்டிய நிறுத்தின அதே டிராம் நிர்வாகம் அடுத்த வருஷம் ராத்திரி ராத்திரியா ஸ்பெஷல் டிராம் விட்டு யூதர்கள ஸ்டேஷனுக்கு கொண்டு போய் விட்டுச்சு, அதுக்கு பில்லும் போட்டுச்சு.

அப்போ ஏன் இங்க மட்டும் இவ்வளவு பேர்?

ஒரே காரணம் சொல்றவங்கள நம்பாதீங்க. நாட்டுல மலை இல்ல, பெரிய காடு இல்ல, ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஜெர்மனியே, ஓடறதுக்கு இடமில்ல. பெல்ஜியத்துல ராணுவ நிர்வாகம், இங்க செய்ஸ்-இன்குவார்ட் தலைமைல நாஜி கட்சி நிர்வாகம், எஸ்.எஸ். (நாஜி கட்சியோட ஆயுதப் படை) கை ஓங்கி இருந்துச்சு. ராணியும் அமைச்சர்களும் லண்டனுக்கு போயிட்டாங்க, கீழ இருந்த அதிகாரிங்க அப்படியே சீட்டுல உக்காந்து வேலைய பாத்தாங்க.

ஆனா என்னை கேட்டா எல்லாத்துக்கும் மேல ரெஜிஸ்டர்தான். நெதர்லாந்து மக்கள்தொகை பதிவேடு அந்த காலத்துலயே அவ்வளவு கச்சிதம், பேரு, பிறந்த தேதி, அட்ரஸ், மதம் எல்லாம் கார்டுல ரெடியா இருக்கும், வீடு மாறினா கார்டும் மாறும். யாரும் கெட்ட எண்ணத்துல செஞ்சது இல்ல, நல்ல நிர்வாகம்னுதான் செஞ்சாங்க. யாகோப் லென்ட்ஸ்னு ஒரு டச்சு அதிகாரி, அடையாள அட்டை டிசைன் பண்றதுல வெறி பிடிச்ச ஆளு, போலியா அடிக்கவே முடியாத மாதிரி ஒரு கார்டு பண்ணி குடுத்தாரு. யூதரோட கார்டுல மட்டும் பெருசா ஜே (J, யூதர்ங்கிறதுக்கு டச்சு வார்த்தையோட முதல் எழுத்து) முத்திரை. 1941ல ஆம்ஸ்டர்டாம் நகராட்சி ஊழியருங்க ஊர் வரைபடத்துல எங்கெங்க எத்தன யூதர்னு புள்ளி வச்சே குடுத்தாங்க, ஒரு புள்ளி பத்து பேரு. அந்த மேப் இன்னும் இருக்கு. இந்த ரெஜிஸ்டரோட ஆபத்து புரிஞ்சுதான் 1943 மார்ச் 27 ராத்திரி ஓவியர் வில்லெம் அரொண்டேயஸ், சிற்பி கெரிட் வான் டெர் வேன் ரெண்டு பேரும் தலைமை தாங்கி ஒரு குழுவா போலீஸ் யூனிஃபார்ம்ல உள்ள நுழைஞ்சு பதிவு அலுவலகத்துக்கு வெடி வச்சாங்க. கொஞ்சம்தான் எரிஞ்சது. பிடிபட்டவங்கள்ல 12 பேர சுட்டாங்க.

யூதர் கவுன்சில் துரோகம் பண்ணுச்சுன்னு சொல்றாங்களே?

வைர வியாபாரி ஆஷர், பேராசிரியர் கோஹன் ரெண்டு பேரும் நடத்தின கவுன்சில், நாஜி உத்தரவ யூதர்கள்கிட்ட சேர்க்கற வேலை. நட்சத்திரம் வித்தது, போய் ஆஜராகுங்கன்னு சொன்னது எல்லாம் இவங்க மூலமாதான், தங்கள் ஊழியர்களுக்கு நாடு கடத்தறதுல இருந்து கொஞ்ச நாள் விலக்கு முத்திரையும் வாங்கி குடுத்தாங்க. இன்னும் மோசமாகாம தடுக்கறோம்னு நினைச்சாங்க. போருக்கு அப்புறம் யூத சமூகமே ஒரு கௌரவ நீதிமன்றம் வச்சு இவங்கள கண்டிச்சது. தப்புதான். ஆனா கழுத்துல கத்தி வச்சிருக்கறவன விட்டுட்டு கத்திக்கு கீழ இருந்தவன முதல்ல விசாரிக்கிற பழக்கம் எனக்கு பிடிக்கல.

வெஸ்டர்போர்க் கொலை முகாமா?

இல்ல, ரயில் ஏத்துற முகாம். இத கட்டினது ஜெர்மன்காரன் இல்ல, 1939ல டச்சு அரசாங்கம், ஜெர்மனில இருந்து தப்பிச்சு வந்த யூத அகதிங்கள தங்க வைக்க. அந்த செலவையும் யூத அமைப்பு தலையிலயே கட்டினாங்க. 1942 ஜூலை 1ல நாஜிங்க எடுத்துக்கிட்டாங்க, 15ஆம் தேதி ஆஷ்விட்ஸுக்கு முதல் ரயில். அதுக்கப்புறம் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை. முந்தின ராத்திரி பட்டியல் வாசிப்பாங்க, பேர் வராதவங்களுக்கு இன்னும் ஒரு வாரம். மிச்ச நாள்ல அங்க ஸ்கூல் நடக்கும், நல்ல டாக்டர்களோட பெரிய ஆஸ்பத்திரி, பாட்டு டான்ஸ் நிகழ்ச்சி கூட உண்டு, பெர்லின்ல பேர் வாங்கின கலைஞர்களே மேடை ஏறுவாங்க, கமாண்டன்ட் கெம்மெக்கர் முன் வரிசைல உக்காந்து கை தட்டுவான். காய்ச்சலா இருக்கற குழந்தைய குணமாக்கி அடுத்த செவ்வாய்க்கிழமை ரயில்ல ஏத்தி விடுவாங்க. 1943 மார்ச்லருந்து ஜூலை வரைக்கும் 19 ரயில் போலந்துல இருந்த சோபிபோர் கொலை முகாமுக்கு போச்சு, 34,313 பேர். திரும்பினது 18 பேர். கெம்மெக்கருக்கு பத்து வருஷம் தண்டனை, அதையும் முழுசா அனுபவிக்கல, ரயில் எங்க போகுதுன்னு எனக்கு தெரியாதுன்னு கடைசி வரைக்கும் சாதிச்சான்.

தலைல துணி கட்டிட்டு ரயில் கதவு இடுக்குல எட்டிப் பாக்குற சின்ன பொண்ணு படம் இருக்கே, அது யாரு?

1944 மே 19 அன்னைக்கு வெஸ்டர்போர்க்ல எடுத்த ஃபிலிம்ல வர ஏழு செகண்டு காட்சி அது. கமாண்டன்ட் உத்தரவுல படம் எடுத்தவரு ருடோல்ஃப் பிரெஸ்லாவர், அவரே யூத கைதி, பின்னாடி அவரையும் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினாங்க. ஐம்பது வருஷமா இது யூதப் பொண்ணுன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. 1994ல ஆட் வாகெனார்னு ஒரு பத்திரிகைக்காரர் தேடிப் பிடிச்சு, அது செட்டெலா ஸ்டைன்பாக், சிந்தி இனப் பொண்ணுன்னு நிரூபிச்சாரு (நம்ம பாகிஸ்தான் சிந்தி இல்ல, ஐரோப்பால வாழ்ற ரோமா மக்கள்ல ஒரு பிரிவு). அவளும் அம்மாவும் கூடப் பிறந்ததுங்களும் ஆஷ்விட்ஸ்ல செத்தாங்க. யூதர் கதைக்கு முகமா இருந்த படத்துல இருந்தது யாரும் கண்டுக்காத இன்னொரு இனத்துப் புள்ள.

குழந்தைங்கள காப்பாத்தின ஸ்கூல் கதை உண்மையா?

உண்மை, இத கொஞ்சம் விரிவா சொல்றேன். ஆம்ஸ்டர்டாம்ல பிளான்டாஜ் மிடன்லான்னு ஒரு ரோடு. அங்க ஹோலாந்ட்ஸ்ஹ ஸ்கவ்பர்க்னு ஒரு நாடகக் கொட்டகை, 1942லருந்து பிடிச்சுட்டு வர யூதர்கள அடைச்சு வைக்கிற இடமா மாத்திட்டாங்க. உள்ள கூட்டம் தாங்காது, குழந்தைங்க அழுகை சத்தம் காவல்காரனுங்களுக்கு தொந்தரவு, அதனால 13 வயசுக்கு கீழ இருக்கறதுங்கள ரோட்டுக்கு எதிர்ல இருந்த குழந்தைகள் காப்பகத்துக்கு அனுப்பிட்டாங்க. காப்பகத்து தலைமை ஹென்ரியட் பிமென்டெல் அம்மா. கொட்டகைக்குள்ள கணக்கு எழுதற பொறுப்பு வால்டர் சூஸ்கிண்ட், ஜெர்மன் யூதர், ஜெர்மன் அதிகாரிங்களோட குடிச்சு சிரிச்சு பழகுவாரு, இந்த பக்கம் பட்டியல்ல இருந்து குழந்தைங்க பேர அழிப்பாரு. காப்பகத்த ஒட்டி ஒரு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி, முதல்வர் யோஹான் வான் ஹுல்ஸ்ட். பின்னாடி தோட்டம் ரெண்டுக்கும் நடுவுல ஒரு வேலிச்செடிதான், அதுக்கு மேல குழந்தைய தூக்கி குடுப்பாங்க. அங்கருந்து கூடைல, பைல, சாக்குல வெளிய போகும். முன்வாசல் வழியாவும் கடத்தினாங்க, எதிர்ல காவல் நிக்கிற ஜெர்மன்காரனுக்கும் இவங்களுக்கும் நடுவுல 9ஆம் நம்பர் டிராம் வந்து நிக்கிற அந்த சில நொடில குழந்தையோட வெளிய வந்து ஓடறது. பெத்தவங்க சம்மதம் கேட்டுதான் செய்வாங்க, அந்த சம்மதத்த ஒரு அம்மாகிட்ட எப்படி கேட்டிருப்பாங்கனு யோசிச்சு பாருங்க. கைக்குழந்தையா இருந்தா அந்த அம்மா கைல துணில சுத்தின ஒரு பொம்மைய குடுத்து ரயிலுக்கு அனுப்புவாங்க, எண்ணிக்கை சரியா இருக்கணுமே.

இப்படி 600 குழந்தைங்க கிட்ட தப்பிச்சதுங்க. பிமென்டெல் 1943ல ஆஷ்விட்ஸ்ல செத்தாங்க, சூஸ்கிண்ட் 1945ல, அவரு மனைவியும் பொண்ணும் அதுக்கு முன்னாடியே. வான் ஹுல்ஸ்ட் 107 வயசு வரைக்கும் இருந்து 2018ல இறந்தாரு. காப்பகத்த காலி பண்ணப் போறாங்கனு தெரிஞ்ச கடைசி நாள், எல்லாரையும் கொண்டு போக முடியாது, 12 பேர எடுத்துட்டு போனாராம். ஏன் 13 எடுக்கலன்னு கடைசி வரைக்கும் தன்னையே கேட்டுக்கிட்டு இருந்தாரு.

ஒளிஞ்சு இருந்தவங்க எல்லாரும் தப்பிச்சாங்களா?

25,000 பேருக்கு மேல ஒளிஞ்சிருந்தாங்க, ஏறத்தாழ மூணுல ஒருத்தர் பிடிபட்டாங்க. 1943ல ஹென்னெய்க்க கும்பல்னு ஒண்ணு, டச்சுக்காரங்கதான், ஒரு யூதர பிடிச்சு குடுத்தா ஏழரை கில்டர் (அப்போதைய டச்சு காசு). சில மாசத்துல 8,000 பேருக்கு மேல பிடிச்சு குடுத்துட்டாங்க. மறைச்சு வச்ச டச்சு குடும்பங்களும் ஆயிரக்கணக்குல இருந்துச்சு, அதையும் சொல்லணும், ரேஷன் கார்டு இல்லாத ஆளுக்கு ரெண்டு வருஷம் சோறு போடறது சாதாரண விஷயம் இல்ல.

ஆன் ஃபிராங்க யாரு காட்டிக் குடுத்தா?

உறுதியா எதுவும் நிரூபணம் ஆகல. 2022ல ஒரு விசாரணைக் குழு ஒரு யூத நோட்டரி மேல பழிய போட்டுச்சு, டச்சு வரலாற்று ஆய்வாளருங்க ஆதாரம் பத்தாதுன்னு கிழிச்சு தொங்கவிட்டதும் அந்த புத்தகத்த டச்சு பதிப்பகமே வாபஸ் வாங்கிடுச்சு. 1944 ஆகஸ்ட் 4ல பிடிச்சாங்க, செப்டம்பர் 3ல ஆஷ்விட்ஸுக்கு போன கடைசி ரயில்ல ஏத்தினாங்க. அவளையும் சேத்து அந்த வீட்டுல ஒளிஞ்சிருந்த எட்டு பேர்ல திரும்பினது அப்பா ஓட்டோ மட்டும்.

திரும்பி வந்தவங்களுக்கு வீடு கெடச்சுதா?

இந்த பகுதிதான் எனக்கு ரொம்ப கோவம் வர பகுதி. ஆள கூட்டிட்டு போனதும் புல்ஸ்னு ஒரு கம்பெனி வண்டி வந்து வீட்டு சாமான் மொத்தத்தையும் அள்ளிட்டு போயிடும், ஸ்பூன் கூட விடாது. வீட்டுல வேற ஆளு குடி வந்தாச்சு. முகாம்ல இருந்து எலும்பும் தோலுமா வந்தவங்ககிட்ட ஆம்ஸ்டர்டாம் நகராட்சி, வீடு நிக்கிற தன்னோட நிலத்துக்கு வருஷ வாடகை பாக்கி இருக்குன்னு நோட்டீஸ் குடுத்துச்சு, லேட்டா கட்டினதுக்கு அபராதமும் சேத்து. சோபிபோர்ல செத்துப்போன ஆளு எப்படி கட்டுவாரு, அவரு பிள்ளை கட்டணும். இது ரொம்ப வருஷம் கழிச்சு, ஒரு மாணவி பழைய நகராட்சி காகிதங்கள ஸ்கேன் பண்ணப்போதான் வெளிய வந்துச்சு. 2016ல நகராட்சி 1 கோடி யூரோ ஒதுக்குச்சு.

அப்புறம் அனாதையான பிள்ளைங்க. கிறிஸ்தவ வீட்டுல வளர்ந்த குழந்தைய யூத சொந்தக்காரங்ககிட்ட குடுக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ண அரசாங்கம் ஒரு கமிஷன் வச்சுது, அதுல யூதர்கள் சிறுபான்மை. பல வருஷம் இழுத்த வழக்குங்க உண்டு. குழந்தைய உயிரக் குடுத்து வளர்த்தவங்க பக்கமும் நியாயம் இருந்துச்சு, அதனாலதான் அது அவ்வளவு கொடுமையான சண்டையா ஆச்சு.

அரசாங்கம் மன்னிப்பு கேட்டுச்சா?

75 வருஷம் கழிச்சு. 2020 ஜனவரி 26ல பிரதமர் மார்க் ருட்ட அரசாங்கத்து சார்பா மன்னிப்பு கேட்டாரு. டச்சு ரயில்வே 2005லயே மன்னிப்பு கேட்டுச்சு, ஆனா காசு பத்தி பேச்சில்ல. அப்பா அம்மாவ ஆஷ்விட்ஸ்ல இழந்த சலோ முல்லர், முன்னாடி அயாக்ஸ் ஃபுட்பால் டீமுக்கு பிசியோவா இருந்தவரு, விடாம துரத்தி துரத்தி கேட்டு 2019ல இழப்பீடு வாங்கினாரு, தப்பிச்சவங்களுக்கு ஆளுக்கு 15,000 யூரோ. ரயில்வே அன்னைக்கு டிக்கெட் கணக்கு போட்டு நாஜிங்ககிட்ட காசு வாங்கியிருக்கு, அதனால இது பிச்சை இல்ல. ஆம்ஸ்டர்டாம் மேயர் மன்னிப்பு கேட்டது 2025 ஏப்ரல்ல, கூடவே 2.5 கோடி யூரோ.

ஏன் இவ்வளவு லேட்டு?

போர் முடிஞ்சதும் எல்லாரும் எதிர்த்து போராடினோம்னு ஒரு கதை நாடே சொல்லிக்கிட்டுச்சு, அந்த கதைல யூதர்களுக்கு தனியா இடமில்ல. 1960கள்ல ஐக்மன் (யூதர்கள நாடு கடத்தற வேலைய நடத்தின நாஜி அதிகாரி) வழக்கு, டிவில ஆக்கிரமிப்பு வரலாற்று தொடர், 1965ல யாக் பிரெஸ்ஸர் எழுதின பெரிய வரலாறு (அவரு மனைவியே சோபிபோர்ல கொல்லப்பட்டவங்க) இதெல்லாம் வந்த பிறகுதான் நாம என்ன பண்ணோம்ங்கிற கேள்வி வந்துச்சு.

நினைவு நாள் எது? ஜனவரி 27ஆ மே 4ஆ?

ஜனவரி 27 ஆஷ்விட்ஸ் விடுதலையான நாள், ஐ.நா. நாள், ஆம்ஸ்டர்டாம்ல ஜனவரி கடைசி ஞாயிறு வெர்தைம் பார்க்ல கூடுவாங்க. மே 4 போர்ல செத்த எல்லாருக்குமானது, ராத்திரி எட்டு மணிக்கு ரெண்டு நிமிஷம் டிராம், பஸ் உட்பட எல்லாம் நிக்கும். பிப்ரவரி 25 வேலைநிறுத்த நாள், துறைமுகத் தொழிலாளி சிலைக்கு முன்னாடி.

தெருவுல பித்தளைக் கல் பதிச்சிருக்காங்களே, மிதிக்கலாமா?

ஜெர்மன் கலைஞர் குன்டர் டெம்னிக் 1990கள்ல ஆரம்பிச்சது, பத்து சென்டிமீட்டர் சதுரம், இங்க வாழ்ந்தவர்னு பேரு, பிறந்த வருஷம், எங்க எப்போ கொல்லப்பட்டார்னு இருக்கும், கடைசியா அவங்க விரும்பி வாழ்ந்த வீட்டு வாசல்ல. 2023ல ஒரு லட்சமாவது கல் பதிச்சாங்க. பேரு மேல கால் படறது அவமானம்னு யூதர்கள்லயே சில பேர் எதிர்க்கிறாங்க, மியூனிக்ல பொது இடத்துல அனுமதியே இல்ல. தெரியாம மிதிச்சா தப்பில்ல, குனிஞ்சு படிக்கத்தான் வச்சிருக்கு.

ஆம்ஸ்டர்டாம் வெஸ்பர் தெருவுல 2021ல திறந்த பேர் சுவர் வேற. டேனியல் லிபெஸ்கிண்ட் டிசைன். 1,02,000 பேருக்கு மேல, ஆளுக்கு ஒரு செங்கல், பேரு, பிறந்த தேதி, செத்த வயசு. கல்லறை இல்லாத ஆளுங்களுக்கு கைய வைக்க ஒரு இடம். ஒரே குடும்பப் பேர்ல நாப்பது அம்பது செங்கல் தொடர்ந்து போகும், நடுவுல வயசு 3, வயசு 1ன்னு வரும். மரம் போகும், இடம் பெருசுன்னு அக்கம்பக்கத்துக்காரங்க கேஸ் போட்டு பல வருஷம் இழுத்தது தனிக் கதை. எல்லாரோட பேரும் அட்ரஸும் எப்படி கெடச்சுதுன்னு கேக்கறாங்க, அதே ரெஜிஸ்டர், அதே ரயில் பட்டியல்ல இருந்துதான்.

காட்டிக் குடுத்தவங்க பேர் வெளிய விட்டாங்களாமே?

2025 ஜனவரில, நாஜிங்களோட ஒத்துழைச்சதா விசாரிக்கப்பட்ட 4,25,000 பேரோட பெயர்ப் பட்டியல ஆன்லைன்ல போட்டாங்க. பட்டியல்ல இருந்தா குற்றவாளின்னு அர்த்தம் இல்ல, விசாரணைன்னு வந்தவங்க எல்லாம் அதுல இருக்காங்க, பாதிக்கு மேல கோர்ட் வரைக்கும் போகவே இல்ல. ஃபைல் மொத்தத்தையும் ஆன்லைன்ல விடறதுக்கு தனியுரிமை ஆணையம் தடை சொல்லிடுச்சு, நேர்ல ஆவணக் காப்பகத்துக்கு போய் கேக்கணும். தாத்தா பேர தட்டிப் பாக்க பயந்த பேரப்பிள்ளைங்க நிறைய பேர்.

நேர்ல போனா எதெல்லாம் பாக்கலாம்?

ஆன் ஃபிராங்க் வீட்டு டிக்கெட் ஆன்லைன்ல மட்டும்தான், செவ்வாய்க்கிழமை தோறும் ஆறு வாரத்துக்கு அப்புறம் வர தேதிங்களுக்கு விடுவாங்க, உடனே தீந்துடும், வாசல்ல போய் நின்னா கிடைக்காது. அது கிடைக்கலன்னா வருத்தப்படாம பிளான்டாஜுக்கு போங்க, அந்த பயிற்சிப் பள்ளி கட்டடத்துலதான் 2024 மார்ச்லருந்து தேசிய ஹோலோகாஸ்ட் (யூத இனப்படுகொலை) மியூசியம், எதிர்லயே நாடகக் கொட்டகை, நடந்து போற தூரத்துல பேர் சுவர், அதுக்கு டிக்கெட் கிடையாது. வெஸ்டர்போர்க் வடகிழக்குல தூரம், ஒரு முழு நாள் வேணும். அங்க இருக்கிற மியூசியத்துல இருந்து முகாம் இருந்த இடம் மூணு கிலோமீட்டர் கிட்ட, காட்டு வழியா நடக்கலாம், இல்லன்னா அங்க பஸ் விடுவாங்க. ரொம்ப சின்னக் குழந்தைங்கள கூட்டிட்டு போறத தவிர்க்கலாம், பத்து வயசுக்கு மேலன்னா முன்னாடியே உக்கார வச்சு கொஞ்சம் சொல்லிட்டு கூட்டிட்டு போங்க.